அறுபதால் பெருக்கியவன்

அரை ரூபாய்க்கு எத்தனை அணா என்று கேட்டால், ராயபுரத்தில் மீன் கூடை தூக்குகிற பெண்கூட யோசிக்காமல் எட்டு என்பாள். ஐந்து என்று சொன்னவளை நான் பார்த்ததில்லை. அரை டிகிரிக்கு முப்பது நிமிஷம் என்பதும் அதே சங்கதிதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனாலும் இதைச் செய்வதற்கென்றே ஒரு ஆளை வைத்திருந்தார்கள், அந்த ஆள் நான். ராயபுரத்தில் ஒரு சர்வே கான்டிராக்டர் ஆபீஸ். மாடியில் நீளமான ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசி வரைபடங்களில் படியும் என்று எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். அந்த வேக்காட்டில் உட்கார்ந்து நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை அறுபதால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு கம்பெனி தொழிற்சாலைக்காக நிலம் எடுத்தது. எல்லையை வகுத்துக் கொடுத்தவர் அவர்களுடைய வெளிநாட்டு இன்ஜினியர். அவர் ஊரில் எல்லாம் தசமம் போலிருக்கிறது. ஒவ்வொரு மூலைக்கும் கோணத்தைப் புள்ளி வைத்தே எழுதியிருந்தார். கோணம் அளக்கிற எங்கள் தியோடலைட் கருவிக்கோ டிகிரி, நிமிஷம், விநாடி மட்டும்தான் தெரியும். அதனால் இன்ஜினியர் 112.38 என்று எழுதினால், நான் 112 டிகிரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிப் புள்ளி மூன்று எட்டை அறுபதால் பெருக்குவேன். இருபத்திரண்டு புள்ளி எட்டு வரும். இருபத்திரண்டு நிமிஷம். மறுபடியும் அந்தப் புள்ளி எட்டை அறுபதால் பெருக்கினால் நாற்பத்தெட்டு விநாடி. 112 டிகிரி, 22 நிமிஷம், 48 விநாடி. இப்படி ஒவ்வொரு மூலைக்கும். நிலம் ரயில் பாதையை ஒட்டி வளைந்து, ஒரு தோப்பைச் சுற்றி, ஏற்கெனவே இருந்த இன்னொரு தொழிற்சாலையின் மதிலை உரசிக்கொண்டு, கடைசியில் கடற்கரைப் பக்கம் திரும்பியது. மூலைகளுக்குப் பஞ்சமில்லை.

அந்தக் கடற்கரைப் பக்கத்துக் குப்பத்தில்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். நானும் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததால் வலைக்குப் பதில் பென்சில் கைக்கு வந்தது. எங்கள் ஆட்களில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கின முதல் ஆள் என்று அக்காவுக்கு என்மேல் ஒரே பெருமை. நான் என்ன செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "பூமிய கணக்கு போட்டுகினு கீறான்" என்பாள்.

அவள் குப்பத்தில் நல்ல தண்ணீருக்கு இருந்தது ஒரே ஒரு உறைக்கிணறு. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இனிப்புத் தண்ணீர் கிடைப்பதே அதிசயம். அதற்கு ஒரு காரணம் உண்டு. மணலில் மழைத் தண்ணீர் மேலே நிற்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். மேலாக அள்ளினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும், ஏறினால் இறங்காது. அதனால் அந்தக் கிணற்றில் சகடை கிடையாது. கயிற்றில் சின்னத் தகரக் குவளைதான். வீட்டுக்குக் காலையில் இரண்டு குடம், கல்யாணம் கருமாதி என்றால் நாலு. அதற்கு மேல் மொண்டால் மற்றப் பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த அதிகாரியும் போடாத சட்டம், ஒருத்தியும் மீறியதில்லை.

கம்பெனி நிலம் எடுக்கிறது என்று பேச்சு வந்ததும் அக்கா ரயிலேறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

"டேய் தம்பி, நீதான கோடு போட்ற? கெணறு உள்ள போவுதா, வெளிய நிக்கிதா? அத்த மட்டும் சொல்லு."

"நான் கோடு போடலக்கா. அவங்க போட்ட கோட்டை நான் கணக்கு பாக்கறேன்."

"இன்னாவோ ஒண்ணு. கெணறு எங்க கீது?"

மறுநாள் ஆபீசில் அதைத்தான் முதலில் பார்த்தேன். வரைபடம் தயாரிக்கிற வேலை என்னுடையது. எல்லாக் கோணங்களையும் விநாடி விடாமல் மாற்றி, இரண்டு தடவை சரிபார்த்து, குப்பத்தின் வீடுகளையும் கிணற்றையும் அளந்து குறித்திருந்ததோடு பொருத்திப் பார்த்தேன். கோடு கிணற்றுக்கு மேற்கே போயிற்று. கிணற்றுக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு பெண்கள் குடத்தோடு நிற்க இடம் இருந்தது. அந்த வாரமே போய் அக்காவிடம் சொன்னேன். "கெணறு வெளியதான்க்கா. பயப்படாத." அவள் அதைக் குப்பம் முழுக்கச் சொன்னாள். கணக்குப் போட்டவனே சொல்லிவிட்டான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நான் சொன்னது உண்மை. இன்றைக்கும் அந்தக் கணக்கை யார் போட்டுப் பார்த்தாலும் கிணறு வெளியேதான் இருக்கும்.

வரைபடம் முடிந்தபின், தரையில் கல் நடுவதற்காக சர்வேயருக்குக் கோணங்களின் தாள் ஒன்று எழுதித் தரவேண்டும். அதை எழுதித் தலைமைக் கணக்கரிடம் கொண்டுபோனேன். மனிதர் சுத்தமான ஆள். வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாது. வயலையோ மணலையோ மிதித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. தாளைப் பார்த்துவிட்டு, பென்சிலால் விநாடிகள் இருந்த பத்தியில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்தார்.

"இது வேண்டாம். டிகிரியும் நிமிஷமும் போதும்."

"நாற்பத்தெட்டு விநாடி எல்லாம் இருக்கு சார். அப்படியே விட்டா ஏறக்குறைய ஒரு நிமிஷம் போயிடும். ஏத்தி எழுதவாவது செய்யலாமே?"

"ஏத்தறதும் வேண்டாம், எறக்கறதும் வேண்டாம். விட்டுடு."

"எல்லா மூலையிலும் விட்டா கூட்டல் பொருந்தாது சார்."

"பொருந்தாததைக் கடைசி மூலையில சேத்துடு. எப்பவும் அப்படித்தானே?"

அந்த ஆபீசின் வழக்கம் அது. ஒரு நிலத்தைச் சுற்றி எல்லா மூலைக் கோணங்களையும் கூட்டினால் இவ்வளவு வரவேண்டும் என்று கணக்கு உண்டு. வரவில்லை என்றால் பிழையை எல்லா மூலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் முறை. எங்கள் ஆபீசில் பங்கிடுவதில்லை. மொத்தத்தையும் கடைசி மூலையின் தலையில் கட்டிவிடுவார்கள். கடைசி மூலை எது என்பதைத் தற்செயல் என்று நினைத்துவிட வேண்டாம். ரயில்வே நிலத்தை ஒட்டிய பக்கம் முதலில். தோப்புக்காரர் பக்கம் அடுத்தது, அவருக்கு வக்கீல் உண்டு. பிறகு பக்கத்துத் தொழிற்சாலை. கேள்வி கேட்க ஆளில்லாத பக்கம் எதுவோ அது கடைசி. இளிச்சவாயன் தலையில்தான் மிளகாய் அரைக்க முடியும்.

ஒரு நிமிஷக் கோணம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு மைல் போனால் அது ஒன்றரை அடி. ஒரு மூலையில் விட்டது அடுத்த கோட்டைக் கொஞ்சம் சாய்க்கும், அங்கே விட்டது அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம் சாய்க்கும். எல்லாம் ஒரே திசையில் சாய்ந்துகொண்டே போகும், ஏனென்றால் எல்லா இடத்திலும் குறைத்தே எழுதினோம். கடற்கரை மூலைக்கு வரும்போது கோணங்களின் கூட்டலைச் சரிக்கட்டிவிடலாம். அதற்குள் கல் இடம் மாறியிருக்கும், அதைச் சரிக்கட்ட முடியாது. இதை அவரிடம் சொன்னேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் சார், இது ஜனங்கள் குடியிருக்கிற இடம் என்றும் சொன்னேன். அவர் வேறு தாளை எடுத்துக்கொண்டார். கடைசியில் எனக்கு அடுத்த மேஜைக்காரனை வைத்து விநாடி இல்லாமல் எழுதி வாங்கிக்கொண்டார்.

கல் நட்டார்கள். அக்கா இந்தமுறை ரயிலேறி வரவில்லை, தன் கொழுந்தன் ஒருவனை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். கல் கிணற்றுக்குக் கிழக்கே, கடல் பக்கமாக நின்றது. கிணற்றையும் தாண்டி ஒரு கட்டில் அகலம் தள்ளி விழுந்திருந்தது. அதற்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். கிணறு கயிற்றுக்கு அந்தப் பக்கம். பெண்கள் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்த் தண்ணீர் மொண்டு, குடத்தோடு குனிந்து வந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அக்கா மட்டும், "நீ சொன்னது இந்தக் கயிறு இல்லதான?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி செய்துவிடுவேன் என்றும் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.

முதலில் சர்வேயரைப் பிடித்தேன். நல்ல மனிதர், வண்ணாரப்பேட்டைக்காரர், வெயிலில் கறுத்துச் சுருங்கியவர். அவர் கருவியை நிறுத்தியிருந்த இடத்துக்கே போய், இந்தக் கோணத்தை விநாடியோடு ஒருதரம் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். பூதக்கண்ணாடிக்கு முன்னால் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு கண்ணை மூடினார், மற்றதை மூடினார். கோடு கோடாக நெருங்கி இருக்கிற அந்த அளவுகோல் அவருக்குத் தெரியவே இல்லை. நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணுல பூ வுழுந்துகீது நைனா" என்றார். "டிகிரி தெரியுது. நிமிஷம் கஷ்டப்பட்டு எடுத்துடுவேன். அதுக்கு அப்பால ஒரே மூட்டம். வெளிய சொல்லிடாத. ரெண்டு பொண்ணு கீது வூட்ல."

தலைமைக் கணக்கரின் தங்கையைத்தான் அவர் கட்டியிருந்தார். விநாடிப் பத்தி எதற்காக அடிபட்டது என்று அப்போதுதான் விளங்கிற்று. தங்கை புருஷனின் வேலையைக் காப்பாற்ற ஒரு மூத்தவர் செய்த உபகாரம். சர்வேயருடைய கண்ணைச் சொல்லி நான் எங்கும் எழுதிப்போடவில்லை. பாவம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த இரக்கத்தால் என் கோபம் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிவிட்டார்கள், அது அவர்கள் வீட்டுக் கிணறு இல்லையே.

தலைமைக் கணக்கரிடம் போனேன். கண்ணைப் பற்றிப் பேசாமல், கல்லைப் பற்றி மட்டும் பேசினேன். வரைபடப்படி அந்த மூலை தப்பு, அதை மட்டும் நகர்த்திவிடலாம் என்றேன்.

"அதை மட்டும் நகர்த்தினா முந்தின கோட்டோட கோணம் மாறும். அப்புறம் அதுக்கு முந்தினது. எல்லாக் கல்லையும் பிடுங்கச் சொல்றியா?"

"பிடுங்கத்தான் வேணும் சார்."

"ரயில்வேக்காரன் கையெழுத்துப் போட்டாச்சு. தோப்புக்காரர் போட்டாச்சு. கல்லெல்லாம் சிமென்ட்டுல நிக்குது. இப்ப போய்த் தப்புன்னு சொன்னா வேலை போய் யார் வீட்டுல உக்கார்றது? நீயா?"

"குப்பத்துல யார் கையெழுத்துப் போட்டாங்க?"

"அங்க யாருக்குப்பா கையெழுத்துத் தெரியும்?" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இன்ஜினியரிடம் நேரே போய்விடலாம் என்று கம்பெனிக்குப் போனேன். அவர் வேலை முடிந்து கப்பலேறிப் போய்விட்டார் என்றார்கள். எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதாக அவருக்கு எங்கள் ஆபீசிலிருந்து ஏற்கெனவே எழுதியிருந்தார்கள்.

மதில் எழும்பியது. கட்டட வேலைக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததால், மதிலுக்குள் கைக்கெட்டினாற்போல் கிடைத்த கிணற்றில் பம்பு இறக்கினார்கள். குவளையால் மேலாக மொள்ளவேண்டிய தண்ணீர் என்று அவர்களுக்கு யார் சொல்வது? குப்பத்து ஆண்கள் வாசலில் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். உள்ளே விடவில்லை. மழைக்காலம் வருவதற்கு முன்பே கிணறு உப்பாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் சிமென்ட் கலக்கக்கூடாது என்று கம்பெனியும் பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. குப்பத்துப் பெண்கள் ரயிலடியில் இருந்த குழாய்க்கு நடக்க ஆரம்பித்தார்கள். அங்கே வரிசையில் இவர்களைக் கடைசியில் நிறுத்துவார்கள், மீன் நாற்றம் அடிக்கிறதாம்.

நான்தான் மனு எழுதினேன். கிணறு போயிற்று, மாற்றுக் கிணறாவது வெட்டித் தரவேண்டும் என்று கேட்டு, குப்பத்தார் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். தாலுகா ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்காவும் நாலைந்து பெண்களும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மேஜைமேல் பெரிய வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். தூரத்திலிருந்தே எனக்கு அது என் வேலை என்று தெரிந்துவிட்டது.

"இது நீங்க தயாரிச்சதுதானே?"

"ஆமாம் சார்."

"கணக்கு சரியா?"

"கணக்கு சரி சார். கல்தான் தப்பான இடத்துல நட்டிருக்காங்க."

"நான் கல்லைக் கேக்கல. இந்த வரைபடத்துல ஏதாவது தப்பு இருக்கா?"

இருக்கிறது என்று பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் யாருக்கும் பிரயோஜனமில்லை, அங்கே எங்கள் தலைமைக் கணக்கரும் உட்கார்ந்திருந்தார். தப்பு இல்லை என்றேன். வந்து பாருங்கள் சார், எண்ணூர் ரயிலில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம், கிணறு மதிலுக்குள் இருக்கிறதைக் கண்ணால் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவர் விரலை வைத்துக் கோட்டைத் தொட்டார், கிணற்றுக் குறியைத் தொட்டார். "இவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்கீங்க. கிணறு வெளியேதானே இருக்கு?" என்றார். தலைமைக் கணக்கர் பக்கத்திலிருந்து, "நல்ல கை சார், விநாடிவரைக்கும் பாக்கிறவன்" என்று என்னை மெச்சினார். அந்த மெச்சலைக் கேட்டபோது அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

உத்தரவு ஒரு பக்கத்தில் வந்தது. மேற்படி கிணறு கம்பெனி நிலத்துக்கு வெளியே, குப்பத்தாருக்குச் சொந்தமான இடத்தில் இருப்பது அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தால் தெளிவாகிறது. ஆகவே கிணறு பறிபோனதாகச் சொல்வதில் முகாந்தரம் இல்லை. மாற்றுக் கிணறு கேட்க நியாயமும் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இங்கே ஏறியது. ஏறி, எங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டு இறங்கியது.

அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"கெணறு நம்பளுதுன்னு எழுதிகீதா?"

"ஆமாங்க்கா."

"கவுருமெண்டே எழுதிகீதா?"

"ஆமாம்."

"அப்போ வா, போய் மொண்டுகினு வருவோம். உப்போ தப்போ, நம்ப கெணறு. தூர் எடுத்து, மள பெஞ்சா திரும்பினாலும் திரும்பும்."

அது திரும்பாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். காலையில் பெண்கள் குடங்களோடு கம்பெனி வாசலில் நின்றார்கள், நான் முன்னால் உத்தரவோடு. காவல்காரனுக்குப் படிக்கத் தெரியவில்லை. உள்ளே போய் டைம்கீப்பரை அழைத்து வந்தான். டைம்கீப்பர் சின்ன வயசு, மரியாதையான பையன். எனக்கு வணக்கம் சொன்னான், காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தான், ஒருதரம் படித்தது போதாமல் இன்னொருதரமும் படித்தான். கேலி செய்கிற எண்ணமே அவனுக்கு இல்லை.

"கிணறு வெளியில இருக்குன்னு இதுலயே தெளிவா போட்டிருக்காங்களே சார்" என்றான். "அப்புறம் இவங்களுக்கு உள்ள என்ன வேலை?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"அவுரு சொல்றது கணக்குப்படி சரிதானடா?"

"சரிதான்க்கா."

"அப்போ நீ ஆபீசுக்குப் போ, நேரமாவுது" என்றாள். "நாங்க ரயிலடிக்குப் போறோம்."